பட்டன் இல்லாத காஜா

தனி ஆளாக ஒரு சின்ன ஆடை பிராண்டு நடத்தும் தோழி ஒருத்திக்கு, அவளுடைய இணையதளத்துக்கான பொருள் விவரங்களை எழுதிக் கொடுப்பது நான்தான். சம்பளம் கிடையாது. சாம்பிளுக்குத் தைத்ததில் என் அளவுக்கு ஏதாவது வந்தால் அது எனக்கு, அவ்வளவுதான் ஒப்பந்தம். அவள் செய்வதெல்லாம் பாட்டிலிருந்தோ சினிமாவிலிருந்தோ காமிக்ஸிலிருந்தோதான் கிளம்பும். அதனால் ஒவ்வொரு விவரத்திலும் ஒரு வரி தவறாமல் வந்துவிடும்: இது இன்ன பாட்டின் பாதிப்பில் உருவானது. அந்த ஒரு வரிதான் கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருக்கிறது. எழுதச் சுலபம், வாங்க வருகிறவர்களுக்கும் பிடிக்கிறது. ஆனால் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால் துணியைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை என்று தெரியும். பாட்டைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறேன். பாட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் யாரும் இல்லை.

புதிதாகக் கிளம்பும் வடிவமைப்பாளர்களின் பேட்டியைப் பத்து படித்தால் எட்டில் "இசைதான் எனக்கு எல்லாம்" என்று இருக்கிறது. இருக்கட்டும், பொய் என்று சொல்லவில்லை. அந்த இசை எந்த வழியாகத் துணிக்குள் போனது, தோளிலா, தையலிலா, துணியின் எடையிலா என்று கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை. ஒரு ஆல்பத்தின் அட்டைப்படத்தை எடுத்து நெஞ்சில் அச்சடித்துவிட்டால் அதுவும் இசையிலிருந்து வந்த உடைதான். அதற்கும் மற்றதற்கும் என்ன வித்தியாசம் என்பதற்கு என்னிடம் நீண்ட நாளாக ஒரு கறாரான பதில் இருந்தது: முதலாவது நினைவுப்பொருள், இரண்டாவது வடிவமைப்பு. இந்தப் பதிலில் எனக்கு இப்போதும் பெரிய மறுப்பு இல்லை. அது எங்கே போதாமல் போகிறது என்பதைத்தான் எழுதிப் பார்க்கிறேன்.

நெஞ்சில் ஒரு நட்சத்திரம்

கறுப்பு டீ-ஷர்ட்டில் வெள்ளைக் கோடுகள் மலைத்தொடர் மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருக்குமே, அதைப் பார்க்காதவர்கள் குறைவு. ஜாய் டிவிஷன் என்ற ஆங்கிலேய ராக் குழு 1979-இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தின் அட்டை அது. பீட்டர் சாவில் வடிவமைத்தது. முன்பக்கத்தில் குழுவின் பெயரும் கிடையாது, ஆல்பத்தின் பெயரும் கிடையாது. கோடுகளும் அவர் வரைந்தவை இல்லை. 1967-இல் வானியலாளர் ஜாஸ்லின் பெல் கண்டறிந்த முதல் பல்சாரின் (சீராகத் துடிக்கும் ஒருவகை நட்சத்திரம்) ரேடியோ துடிப்புகள் அவை. ஹெரால்ட் கிராஃப்ட் என்ற வானியல் மாணவர் தொடர்ச்சியான 80 துடிப்புகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, 1970-இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் வெள்ளைமேல் கறுப்பாகப் போட்டிருந்தார். அது ஒரு வானியல் கலைக்களஞ்சியத்துக்குப் போய், அங்கிருந்து இசைக்குழுவின் கையில் மாட்டியது. சாவில் நிறத்தை மட்டும் திருப்பிப் போட்டார்.

அந்த நட்சத்திரம் ஏறக்குறைய 1.34 நொடிக்கு ஒருமுறை துடிக்கிறது. நிமிடத்துக்கு 45 தட்டு என்று வைத்துக்கொள்ளலாம், ரொம்ப விளம்பமான தாளம். அதாவது நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிகிற அந்தப் படமே ஒரு தாளக்கணக்குதான். போட்டிருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும், எத்தனை பேர் அந்த ஆல்பத்தைக் கேட்டிருப்பார்கள் என்பதை விடுங்கள். "மூன்று பாட்டு சொல்லு பார்ப்போம்" என்று டீ-ஷர்ட் போட்டவர்களை மறித்துப் பரீட்சை வைக்கும் கூட்டத்தில் நான் இல்லை. எனக்கு அதில் உறுத்துவது வேறு. படம் பாட்டை விட்டுவிட்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தனியாகப் போய்விடும். துணிக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. அதே படத்தைக் கோப்பையில் அச்சடித்தாலும் கோப்பையும் அதைத்தான் சொல்லப்போகிறது.

இதே அட்டைகளை வேறு மாதிரி எடுத்தவர்களும் உண்டு. ஆடை வடிவமைப்பாளர் ராஃப் சிமன்ஸ் 2003-இன் குளிர்காலத் தொகுப்புக்காக நேராக சாவிலிடம் போய் அனுமதி கேட்டார். சாவில் தன் படைப்புகளின் சேமிப்பையே திறந்துவிட்டார். அந்த அட்டைகள் பெரிய, தொளதொள பார்க்கா கோட்டுகளின் முதுகில் ஏறின. ஒரு காலத்தில் பையன்கள் தங்கள் அபிமானக் குழுவின் பெயரைக் கையால் எழுதிக்கொண்டு திரிந்த இடம் அது. படம் அதே படம்தான், ஆனால் அது உட்கார்ந்திருந்த கோட்டு படத்தை வெறுமனே சுமக்கவில்லை. அட்டையைத் தூக்கிக்கொண்டு அலையும் ஒரு ரசிகனின் உடம்பு எப்படிக் கூனி, எப்படி ஒதுங்கி நிற்குமோ அதையும் வெட்டிலேயே வைத்திருந்தார். அதனால் என் கறாரான பதிலில் ஒரு சின்னத் திருத்தம்: படம் போடுவதே தப்பு என்றில்லை, படத்தைப் போட்டதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பிரச்சினை.

இதை என் தோழியிடம் ஒருமுறை நீட்டி முழக்கினேன். அவள் ஓவர்லாக் மெஷினுக்கு நூல் கோத்துக்கொண்டே கேட்டாள். "எல்லாம் சரி, டீ-ஷர்ட்தான் மெஷினுக்கு எண்ணெய் வாங்கித் தருது" என்றாள். அதுதான் நிஜம். டீ-ஷர்ட்டுக்குத் துணி வெட்ட வேண்டாம், தைத்ததை வாங்கி ஆர்டர் வர வர அச்சடித்தால் போதும். விற்காமல் தேங்காது. ஒரு சட்டைக்கோ பேட்டர்ன் வரைய வேண்டும், மலிவான துணியில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும், திருத்த வேண்டும், ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாகப் பெருக்கிச் சுருக்க வேண்டும். அப்புறம் தைக்கக் கொடுக்கப் போனால் குறைந்தபட்சம் இத்தனை உருப்படி என்பார்கள். அந்த எண்ணிக்கையைக் கேட்ட மாத்திரத்தில் பாதிப் பேர் டீ-ஷர்ட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். அவள் திரும்பவில்லை. இரண்டையும் செய்கிறாள். அவளுடைய டீ-ஷர்ட் படங்கள் நன்றாகவே இருக்கும், அவளே வரைவது. அவற்றுக்கு விவரம் எழுத எனக்கு ஐந்து நிமிடம் போதும்.

கை தடுக்கிய இடம்

இந்த விஷயத்தில் எனக்கு ஏதாவது புரிந்தது என்றால் அது ஒரு வெள்ளைச் சட்டையிலிருந்துதான். விவரம் எழுதச் சொல்லி அனுப்பியிருந்தாள். முழுக்கைச் சட்டை, தடித்த பருத்தி, காலர் வழக்கமான காலர், ஒரு படம் கிடையாது, ஓர் எழுத்து கிடையாது. கூடவே வந்த குறிப்பில் "பாட்டு: உண்டு. பெயர்: சொல்லமாட்டேன்" என்று மட்டும் இருந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டேன்.

பட்டன் போடும்போது யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மேலே இரண்டைப் பார்த்துப் போட்டால் மிச்சத்தைக் கையே பார்த்துக்கொள்ளும். கட்டைவிரல் பட்டனைத் தள்ளும், ஆள்காட்டி விரல் காஜாவை, அதாவது பட்டன் நுழையும் ஓட்டையைப் பிடிக்கும், இழுக்கும், இறங்கும். தள்ளு, பிடி, இழு, இறங்கு. ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டிருந்த கை நான்காவதில் நின்றுவிட்டது. காஜா இருக்கிறது, சுற்றிலும் நெருக்கமாகத் தைத்த ஒழுங்கான காஜா. அதற்கு எதிரே பட்டன் இல்லை. விரல் வெறும் துணியைத் தடவியது. ஒரு கணம் அங்கேயே தடுமாறிவிட்டுக் கீழே இறங்கினால், ஐந்தாவது பட்டன் இருக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. அதற்கப்புறம் ஆறு, ஏழு, எல்லாம் ஒழுங்கு.

கழற்றிவிட்டு மறுபடி போட்டேன். இந்த முறை நான்காவது வெறும் என்று தெரிந்தும் கை அங்கே போனது, நின்றது, ஐந்தாவதுக்குப் பாய்ந்தது. மூன்று தட்டு, ஒரு மௌனம், அரைத் தட்டு முன்னாலேயே விழும் அடுத்த அடி. பாட்டின் எடுப்பு தாளத்தின் முதல் தட்டான சமத்துக்கு முன்னாலேயே வந்துவிடும்போது உடம்பு லேசாக முன்னே சாயுமே, அதை என் வலது கை செய்துகொண்டிருந்தது. பாட்டு எதுவென்று எனக்குத் தெரியாது. ஆனால் டிரம்ஸ் எந்த இடத்தில் கையைத் தூக்கிக்கொண்டது, அடுத்தது எவ்வளவு அவசரமாக வந்தது என்பதெல்லாம் தெரிந்துவிட்டது.

சட்டையைத் திருப்பிப் பார்த்தேன். நான்காவது காஜாவுக்கு ஒரு விரற்கடை கீழே, பட்டன் பட்டியின் உள்மடிப்பில், வெளியே தெரியாமல் சின்ன பிரஸ் பட்டன் ஒன்று. அந்த இடம் வாய் பிளக்காமல் இருக்க. அதை அழுத்தினால் மெல்லிய டக் சத்தம். சத்தமும் கணக்கோடுதான் வைத்தாயா என்று கேட்டேன். "இல்ல, அது தற்செயல். ஆனா கேட்டப்புறம் எடுக்க மனசு வரல" என்றாள். இந்த மாதிரிப் பதில்களுக்காகத்தான் அவள்மேல் எனக்கு நம்பிக்கை. எல்லாமே திட்டமிட்டது என்று சொல்கிற கலைஞர்களை நான் நம்புவதில்லை.

அவள் தலையைப் பிய்த்துக்கொண்டது அளவு பெருக்கும்போதாம். சிறிய அளவில் பட்டனுக்குப் பட்டன் இடைவெளி எட்டரை சென்டிமீட்டர். அளவு கூடக்கூடச் சட்டையின் நீளம் கூடும், வழக்கப்படி அந்தக் கூடுதலை எல்லா இடைவெளிகளுக்கும் மில்லிமீட்டர் கணக்கில் பங்குபோட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் பெரிய சட்டையில் பாட்டு மெதுவாகிவிடும் என்று சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள். அதனால் எல்லா அளவிலும் இடைவெளியை ஒன்றாகவே நிறுத்திவிட்டு, மிச்ச நீளத்தை ஏழாவது பட்டனுக்குக் கீழே விட்டிருக்கிறாள். மிகப் பெரிய அளவில் கடைசிப் பட்டனுக்குக் கீழே துணி கொஞ்சம் அதிகமாகவே விரிந்து ஆடும். அது எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை, சொல்லியும்விட்டேன். பாட்டின் கடைசியில் கிடார் மட்டும் இழுத்துக்கொண்டு போகுமே, அப்படி வைத்துக்கொள் என்றாள். இது கொஞ்சம் சமாளிப்பு என்பது என் கருத்து.

பாட்டின் பெயரை ஏன் சொல்லமாட்டேன் என்கிறாய் என்று கேட்டதற்கு வந்த பதில்தான் நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம். "பாட்டு தெரிஞ்சா நீ பாட்டைத்தான் பார்ப்ப, சட்டையைப் பார்க்கமாட்ட." நான் எழுதிக் கொடுத்த விவரங்கள் அத்தனையும் இதைத்தான் செய்துகொண்டிருந்தன.

யாருக்குச் சொந்தம்

இதில் சட்டம் வேறு ஒரு வேடிக்கை காட்டுகிறது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் பார்வையில் உடை ஒரு பயன்பாட்டுப் பொருள். அதன் வெட்டுக்கும் உருவத்துக்கும் பாதுகாப்பு கிடையாது, அதன்மேல் இருக்கும் ஓவியத்துக்கு உண்டு. 2017-இல் சியர்லீடர் சீருடை வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் இதையே இன்னும் துல்லியமாகச் சொன்னது: உடையிலிருந்து பிரித்து யோசிக்கக்கூடிய கோடுகளுக்கும் வண்ணப் பட்டைகளுக்கும் காப்பு கிடைக்கலாம், உடையின் வடிவத்துக்கு இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ பதிவு செய்யாத வடிவமைப்புக்கும் மூன்று ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. ஆக, என் தோழி இன்னொருவருடைய ஆல்பம் அட்டையை அச்சடித்தால் அந்த இன்னொருவர் வழக்குப் போடலாம். அவள் யோசித்துக் கண்டுபிடித்த அந்த வெறும் காஜாவை நாளை ஒரு பெரிய கம்பெனி அப்படியே எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் அவளால் பார்த்துக்கொண்டுதான் இருக்க முடியும். கடன் வாங்கியதற்குக் காவல் இருக்கிறது, சொந்தமாகச் செய்ததற்குக் கதவே இல்லை.

இந்தச் சொந்தம் கொண்டாடும் கதைகளில் அமெரிக்க வடிவமைப்பாளர் மார்க் ஜேகப்ஸுக்கு நடந்ததை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 1992 நவம்பரில் பெரி எல்லிஸ் நிறுவனத்துக்காக அவர் காட்டிய, கிரஞ்ச் என்ற ராக் இசைவகையின் ரசிகர்கள் உடுத்துவதை ஒட்டிய தொகுப்பு, பழைய துணிக்கடையில் கிடைக்கும் கட்டம்போட்ட ஃபிளானல் சட்டையின் கோலத்தைப் பட்டில் அச்சடித்து மேடையேற்றியது. கொஞ்ச நாளில் அவருக்கு வேலை போனது. தொகுப்பிலிருந்து சில உடைகள் நிர்வாணா என்ற கிரஞ்ச் குழுவின் பாடகர் கர்ட் கோபேனுக்கும் அவர் மனைவி கோர்ட்னி லவ்வுக்கும் போய்ச் சேர்ந்தன. அவற்றை எரித்துவிட்டோம் என்று பல ஆண்டுகள் கழித்து கோர்ட்னி லவ் சொன்னார். ஏழ்மையின் உடையை விலையுயர்ந்த துணியில் செய்தது கிண்டல் மாதிரி பட்டிருக்கும். ஜேகப்ஸ் 2018-இல் அதே தொகுப்பை மறுபடி தைத்து வெளியிட்டார், கூடவே நிர்வாணா குழுவின் சிரிப்பு முகத்தை ஒத்த ஒரு டீ-ஷர்ட்டையும். அந்த வருடமே வழக்கு வந்தது. கவனித்துப் பாருங்கள், ஃபிளானலைப் பட்டாக்கியதற்கு யாரும் நீதிமன்றம் போகவில்லை. டீ-ஷர்ட்டில் இருந்த முகத்துக்குத்தான் போனார்கள்.

டாப்பர் டான் கதை இதைத் தலைகீழாகப் புரட்டிப் போடும். ஹார்லெமில் 1982-இல் கடை திறந்து, பெரிய பிராண்டுகளின் முத்திரைகளைத் தோலில் தானே அச்சடித்து, ராப் பாடகர்களுக்கும் குத்துச்சண்டைக்காரர்களுக்கும் அந்த பிராண்டுகள் கனவிலும் தைக்காத கோட்டுகளைத் தைத்தவர். அந்த பிராண்டுகளின் சட்ட நடவடிக்கையில் 1992-இல் கடை மூடியது. முத்திரை அவருடையதல்ல, உண்மை. ஆனால் அந்தக் கைகள் உப்பிய வெட்டு அவருடையது. 2017-இல் கூச்சி (Gucci) நிறுவனம், அவர் 1989-இல் ஓட்டப்பந்தய வீராங்கனை டயான் டிக்சனுக்குத் தைத்த ஜாக்கெட்டை அப்படியே ஒத்த ஒன்றை மேடையேற்றியது. ஊர் சிரித்தபிறகு அவரையே கூப்பிட்டுக் கைகோத்து, 2018-இல் ஹார்லெமில் மறுபடி ஒரு தையற்கூடம் திறக்க உதவியது. முத்திரையைத் திருடினார் என்று அன்றைக்குக் கடையை மூட முடிந்தது. வெட்டைத் திருடினார்கள் என்று சொல்ல அவருக்குக் கிடைத்தது சமூக ஊடகத்தின் கோபம் மட்டும்தான். அது இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யூகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

குறையுள்ள பொருள்

சரி, சட்டைக்கு வருகிறேன். அவள் வழிக்கே விட்டுவிடுவோம் என்று விவரத்தில் துணி, எடை, அளவு, துவைக்கும் முறை மட்டும் எழுதினேன். பாட்டும் இல்லை, காஜாவும் இல்லை. சட்டை மெதுவாக விற்றது. அதைவிட வேகமாகத் திரும்பி வந்தது. "ஒரு பட்டன் விட்டுப்போயிருக்கிறது." "தரக்கட்டுப்பாடு சரியில்லை." ஒருவர் படம் எடுத்து, நான்காவது காஜாவைச் சிவப்பு வட்டம் போட்டே அனுப்பியிருந்தார். தன் கடையில் வைத்து விற்க எடுத்துக்கொண்ட ஒரு வியாபாரி, பட்டன் வைத்துத் தருவதாக இருந்தால் இன்னும் எடுக்கிறேன் என்றார். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டு முடியாது என்று எழுதிவிட்டாள். அந்த ஆர்டர் கிடைத்திருந்தால் அடுத்த தொகுப்புக்குத் துணி எடுத்திருக்கலாம். டீ-ஷர்ட்டுகள்தான் அந்தப் பள்ளத்தையும் நிரப்பின.

விவரத்தில் ஒரு வரியாவது சேர்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். எதையும் விளக்காமல் விட்டால் கலை, விளக்கினால் வியாபாரம் என்பதெல்லாம் பணம் இருக்கிறவர்கள் பேசும் பேச்சு. பாட்டின் பெயர் வேண்டாம், ஆனால் சட்டையில் இருப்பதைச் சொல்லலாமே? கடைசியில் இப்படி முடிவாயிற்று: "நான்காவது காஜாவுக்குப் பட்டன் கிடையாது. உள்ளே பிரஸ் பட்டன் உண்டு. பார்க்காமல் போட்டுப் பாருங்கள்." இவ்வளவு நாள் நான் எழுதியதில் உருப்படியான விவரம் இதுதான் என்று நினைக்கிறேன். திரும்பி வருவது குறைந்தது. "பார்க்காமல் போட்டேன்" என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். சிலர் பாட்டை ஊகிக்கிறார்கள், ஒரே பாட்டை இரண்டு பேர் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவள் எதற்கும் பதில் போடுவதில்லை.

இதற்கிடையில் எங்கள் இருவருக்கும் தோன்றாத ஒன்றை ஒரு வாடிக்கையாளர் செய்துவிட்டார். எல்லாச் சட்டையிலும் இருப்பதுபோல இதிலும் உள்பக்க ஓரத் தையலில், துவைக்கும் குறிப்புப் பட்டிக்குமேல், உபரியாக ஒரு பட்டன் தைத்திருக்கும். அவர் அதைப் பிரித்தெடுத்து நான்காவது இடத்தில் தானே தைத்துக்கொண்டு, படமும் எடுத்து அனுப்பிவிட்டார். சிவப்பு நூல். தையல் கோணல்மாணலாக இருந்தது. "இப்போது சரியாகிவிட்டது" என்று கீழே ஒரு வரி. எனக்குக் கோபம்தான் வந்தது, இவ்வளவு கணக்குப் போட்டு வைத்த மௌனத்தை ஒரே ஒரு நூலில் மூடிவிட்டாரே என்று.

அவள் சிரி சிரி என்று சிரித்தாள். 1975-இல் லண்டனில் விவியன் வெஸ்ட்வுட்டும் மால்கம் மெக்லாரனும் நடத்திய துணிக்கடைக்கு ஒரு பையன் பிங்க் ஃபிளாய்ட் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்தான், குழுவின் பெயருக்குமேல் "எனக்குப் பிடிக்காது" என்று பேனாவால் அவனே எழுதியிருந்தான். அந்தச் சட்டைக்காகவே அவன்மேல் கண் பட்டு, கடையிலிருந்த ஜூக்பாக்ஸோடு சேர்ந்து பாடச் சொல்லிப் பார்த்து, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவுக்குப் பாடகனாக எடுத்துக்கொண்டார்கள். ஜான் லைடன். அவளுக்கு அந்தக் கதை மனப்பாடம். "அவன் செஞ்சதை நாம கொண்டாடுறோம். இவர் செஞ்சா மட்டும் குறையா?" என்றாள். வெறும் காஜாவைப் பார்த்து அவருக்குப் பொறுக்கவில்லை, அந்தப் பொறுக்காமையும் அவள் வைத்த அந்த இடத்தில்தான் வந்தது, அவருடைய கையும் அங்கேதான் நின்றது என்பது அவள் வாதம். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நெஞ்சில் அச்சடித்த படம் யாரையும் ஊசி எடுக்க வைத்து நான் பார்த்ததில்லை.

அடுத்த தடவை உபரி பட்டனைச் சிவப்பில் கொடுக்கப்போகிறாளாம், கூடவே ஒரு முழம் சிவப்பு நூலும். அப்படிக் கொடுத்தால் எல்லோரும் தைத்துவிடுவார்கள், அது ஒரு விளையாட்டாகப் போய்விடும், தானாகத் தோன்றிச் செய்ததற்கு இருக்கும் மதிப்பே வேறு என்று நான் ஒரு மணிநேரம் வாதாடினேன். பொறுமையாகக் கேட்டாள். நூல் ஆர்டர் போன வாரமே போய்விட்டது என்பதை வாதம் முடிந்தபிறகுதான் சொன்னாள்.